புகை கொஞ்சம் தூக்கல்

"முதல்ல நீ குடி. என்ன குறைன்னு சொல்லு. அப்புறம் நான் குடிக்கிறேன்," என்றார் முதலாளி.

பார்டெண்டர் சமையலறைக் கதவைத் திரும்பிப் பார்த்தான்.

கடை திறக்க இன்னும் நேரமிருந்தது. நாற்காலிகள் மேசைகளின் மேல் கவிழ்ந்து கிடந்தன. முதலாளி சொல்லாமல் கொள்ளாமல் வந்து, கவுண்டரில் முழங்கையை ஊன்றி உட்கார்ந்து, ஒரு பெனிசிலின் கேட்டிருந்தார்.

பெயர்தான் மருந்து. உள்ளே இருப்பது ஸ்காட்ச் விஸ்கி, எலுமிச்சை, இஞ்சி, தேன். கடைசியாக, புகை வாசனை அடிக்கும் வேறொரு ஸ்காட்சை ஒரு ஸ்பூன் மேலாக மிதக்க விட வேண்டும். அந்தப் புகைக்காகவே இந்தக் கடையைத் தேடி வருகிறவர்கள் உண்டு.

அளவெல்லாம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பதற்றத்தில், கைக்கு எட்டிய பாட்டில்களை எடுத்து ஊற்றிக் குலுக்கியும் கொடுத்துவிட்டான். சிக்கல் கையில் இல்லை, நாக்கில்.

போன மாதம் வந்த காய்ச்சல், போகும்போது வாசனையையும் ருசியையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. அது அவன் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். இதே கடையின் சமையலறையில் வேலை பார்க்கும் அவள்தான் தினமும் கலவைகளை ருசி பார்த்து, இனிப்பு கூட, புளிப்பு கம்மி என்று காதோடு சொல்வாள். வண்டி அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது அவள் மூடிய கதவுக்குப் பின்னால் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

நாக்கு செத்த பார்டெண்டரை யார் வைத்துக்கொள்வார்கள்? அதுவும் இந்த முதலாளி. விஸ்கியில் தண்ணீர் கலந்து விற்க வந்தவனை ஒரே மடக்கில் கண்டுபிடித்து வாசலோடு திருப்பி அனுப்பிய மனுஷன்.

குடித்தான். தொண்டை எரிந்தது. எரிவது இஞ்சியா, விஸ்கியா, தெரியவில்லை.

முதலாளி அவன் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

நன்றாக இருக்கிறது என்றால் தப்ப முடியாது. ஏதாவது ஒரு குறை சொல்லியாக வேண்டும். வருவது வரட்டும் என்று வாயைத் திறந்தான்.

"புகை கொஞ்சம் தூக்கலா இருக்கு சார்."

முதலாளி கிளாஸை மூக்கருகே கொண்டுபோனார். ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆமா, தூக்கல்தான். இனிமே அரை ஸ்பூன் போதும்," என்று சொல்லி, அவன் தோளைத் தட்டிவிட்டு வெளியே போனார்.

போன உயிர் திரும்பி வந்தது. ஓடிப்போய்ச் சமையலறைக் கதவைத் திறந்து மனைவியை இழுத்து வந்தான். மிச்சத்தை அவளிடம் நீட்டினான்.

ஒரு வாய் குடித்தவள் கவுண்டரில் இருந்த பாட்டில்களைப் பார்த்தாள். ஒன்றைத் திறந்து முகர்ந்தாள். பிறகு மற்றொன்றை.

"ஏங்க, நேத்து விளம்பரத்துக்குப் படம் எடுத்த பாட்டிலுங்க இது. ரெண்டுலயும் வெறும் டீத்தண்ணி. இதுல விஸ்கியே இல்ல."

அவன் மெல்ல வாசல் பக்கம் திரும்பினான்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே முதலாளி இன்னும் கிளம்பவில்லை. யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில், காரின் பக்கக் கண்ணாடி முன் குனிந்து, நாக்கை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.