எடை மேடையில் மாமியார்

மாமியார் வண்டியில் ஏற வருவதைப் பார்த்ததும் லாய்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்து பிடித்தான். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவன் இப்படிச் செய்தது இதுதான் முதல் தடவை.

“பாத்து ஏறுங்க அத்தை. அந்த ஜாம் பெட்டி, கைப்பை, எதையும் விட்டுடாதீங்க. ஊருக்குப் போறப்ப எப்படியோ அப்படியே ஏறினாத்தான் எடை சரியாத் தெரியும்” என்றான்.

ஜெனீவா மருமகனைச் சந்தேகமாகப் பார்த்தபடி ஏறி உட்கார்ந்தாள். ஆரிகன் கடற்கரையில் இருக்கும் தங்கையைப் பார்த்து ஒன்பது வருடமாகிறது. பெட்டியில் இருப்பது அவளுக்காகக் காய்ச்சிய செர்ரி ஜாம். இந்தக் கோடையையும் விட்டால் பிறகு பார்ப்போமோ மாட்டோமோ என்று ஜெனீவாவுக்கு உள்ளூரக் கலக்கம்.

லாய்டின் கலக்கம் வேறு. வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் அந்தச் சின்ன டிரெய்லர் வீட்டுக்குள், மூன்று வாரம் மாமியாரோடு படுத்து எழ வேண்டும். வேண்டாம் என்று வாய்விட்டுச் சொன்னால் மனைவி டார்லா உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். அதனால் பழியைத் தராசின் தலையில் போடுவது என்று முடிவு கட்டியிருந்தான்.

டிரெய்லர் வாங்கும் ஆசை வந்ததிலிருந்து அவன் படிக்காததில்லை. விளம்பரத்தில் அவன் பிக்கப் வண்டி ஒன்பதாயிரம் பவுண்ட் இழுக்கும் என்று போட்டிருக்கும். ஆனால் டிரைவர் கதவை ஒட்டி உட்புறத்தில் இருக்கும் மஞ்சள் சீட்டுதான் உண்மை பேசும். ஏறுகிற ஆட்கள், சாமான்கள், டிரெய்லரின் மூக்கு வண்டியின் மேல் அமுக்குகிற பாரம், எல்லாம் சேர்ந்து அந்தச் சீட்டில் போட்ட அளவுக்குள் அடங்க வேண்டும். அடங்காமல் செய்வது அப்படியொன்றும் பெரிய வித்தையில்லை.

“ஜூலை மாசத்துல டயருக்குப் பனிச் சங்கிலி எதுக்கு லாய்டு?” டார்லா வண்டியின் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள்.

“மலைப் பாதை. எப்ப பனி கொட்டும்னு யார் கண்டா?”

“இவ்வளவு விறகு?”

“அங்க விக்கிறதெல்லாம் ஈர விறகு.”

“இந்த இரும்பு அடுப்பு? இதத் தூக்கவே ரெண்டு ஆள் வேணுமே.”

“அடுப்பு இல்லாம என்ன கேம்பிங்? இதுல ஒண்ணையும் இறக்க முடியாது. இப்பவே சொல்லிட்டேன்.”

விற்கிறவர் டிரெய்லரை ஒரு மணி நேரம் இழுத்துப் பார்க்கக் கொடுத்திருந்தார். நெடுஞ்சாலையில் லாரிகள் நிற்கிற பெட்ரோல் பங்க்கில் எடை மேடை உண்டு. பெரிய பெரிய லாரிகளுக்கு நடுவே நுழைந்து, லாய்டு வண்டியை மேடையில் ஏற்றி நிறுத்தினான்.

“இன்னும் ரெண்டடி முன்னால போங்க மாப்பிள்ளை. பின்சக்கரம் கோட்டு மேல நிக்குது” என்றாள் ஜெனீவா.

“எனக்குத் தெரியும் அத்தை.”

தெரியவில்லை. இறங்கிப் பார்த்துவிட்டு வந்து சரியாக இரண்டடி முன்னால் போனான். இருபது வருடம் ஒமாஹா நகரத்துக்கு மாட்டு லாரி ஓட்டியவள் வழியெல்லாம் வாயை மூடிக்கொண்டா வரப்போகிறாள் என்று பல்லைக் கடித்தான்.

வீட்டிலேயே அவன் கணக்குப் போட்டாயிற்று. நூறு பவுண்ட் கூடுதலாக வரும், மாமியார் இறங்கினால் சரியாகிவிடும். மாமியார், டார்லா, பிஸ்கட் என்கிற நாய் வரை எல்லாருடைய எடையையும் பார்த்துப் பார்த்துப் போட்டவன், தன் எடைக்கு மட்டும் கல்யாணக் கோட்டு தைத்த காலத்தில் இருந்ததைப் போட்டிருந்தான். அந்தக் கோட்டின் பொத்தான் இப்போது எந்த ஓட்டைக்கும் எட்டாது.

வண்டியை ஓரமாக நிறுத்தியதும் டார்லா கடைக்குள் போய் எடைச் சீட்டை வாங்கி வந்தாள். மஞ்சள் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தாள்.

“அளவுக்கு மேல இருநூறு பவுண்ட் இருக்கு.”

இருநூறா? லாய்டுக்கு ஒரு நொடி குழப்பமாக இருந்தது. கூடினால் நல்லதுதானே என்று சமாளித்துக்கொண்டு முகத்தைத் தொங்கப்போட்டான்.

“நான் என்ன பண்ணட்டும் டார்லா? தராசுக்குச் சொந்தபந்தம் தெரியுமா? யாராவது ஒருத்தர் வீட்டுல நின்னுதான் ஆகணும்.”

ஜெனீவா ஜாம் பெட்டியை மடியோடு அணைத்துக்கொண்டாள். அதைப் பார்த்தபோது லாய்டுக்கே கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது.

“விறகு, சங்கிலி, ஏதாவது கொஞ்சம் குறைச்சா?” என்றாள் டார்லா.

“ஒண்ணையும் குறைக்க முடியாது. கிளம்பும்போதே சொன்னேன்ல.”

“ஒரு ஆள் இறங்கினாப் போதுமா?”

“போதும். எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு. ஆனா அளவு மீறி ஏத்திக்கிட்டு மலை இறங்கினா பிரேக் பிடிக்காது. உயிர் முக்கியம் பாரு.”

தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜெனீவா ஜாம் பெட்டியை இருக்கையிலேயே வைத்துவிட்டு இறங்கினாள். வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்து டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து, காலையில் அவன் பிடித்த அதே மரியாதையோடு பிடித்துக்கொண்டாள்.

“நான் நூத்திப் பத்து பவுண்டுதான். நீங்க இறங்குங்க, மாப்பிள்ளை.”