பேசப் பழகும் வகுப்பு

“மிஸ், என் குட்டியைக் காணோம்!” என்று அழுதுகொண்டே அணிலக்கா வகுப்புக்குள் ஓடி வந்தாள். மேலே பருந்து வட்டமடித்தது.

அது பேசப் பழகும் வகுப்பு. மாணவன் பச்சோந்தி ஒருத்தன்தான். மைனா மிஸ் மோசமில்லை, அவர் கையில் இருந்த பாடம் அப்படி.

“டேய், அக்கா முகத்தைப் பாரு. மூணு தடவை தலையாட்டு. அப்புறம் ‘ஐயோ பாவம்’னு சொல்லு.”

பச்சோந்தியின் ஒரு கண் வேலியில், இன்னொன்று முருங்கை மரத்தில்.

“எங்கடா பார்க்கிறே? அவ எவ்வளவு வருத்தப்படுவா!”

“முருங்கை. ரெண்டாவது கிளை. இலைக்குப் பின்னாடி பயந்துபோய் உட்கார்ந்திருக்கு,” என்றான்.

அக்கா பாய்ந்து போய்க் குட்டியைக் கவ்விக்கொண்டு பொந்துக்குள் புகுந்தாள். பருந்து போய்விட்டது.

மிஸ் அன்றைக்கும் அவனுக்கு மார்க் போடவில்லை. அக்கா முகத்தைப் பார்க்கச் சொல்லியிருந்தார். அவன் கடைசி வரை பார்க்கவே இல்லை.