நாமம் போட்ட பல்லி

முதலையைச் சமையலறைக்குள் கொண்டுவரவே கூடாது என்று யதிராஜன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். காரணம், அது முட்டை அட்டையில் செய்த முதலை.

யு.கே.ஜி. படிக்கும் மகன் அச்யுத்தின் வகுப்பில் இந்த மாதம் முழுக்க ஊர்வன கைவேலை. வாரத்துக்கு ஒரு ஜந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. ஸ்ரீரங்கத்து ஐயங்கார் வீட்டில் முட்டை அட்டைக்கு ஏது இடம்? அவர் மனைவி வேதவதி அதைக் குப்பைக்கூடைக்குக் கொண்டுபோனாள்.

"நில்லு வேதா! நெத்தியில நாமம் இருக்கு பாரு. அதைப் போய்க் குப்பையில போடறதாவது? மகா அபசாரம்!"

"உள்ளயும் வைக்கப்படாது, வெளியிலயும் போடப்படாதுன்னா நான் என்னதான் பண்றது? தலையில தூக்கிண்டு அலையட்டுமா?"

முதல் வாரம் வந்த காகிதப் பாம்பால் எந்தத் தொல்லையும் இல்லை. மறுநாளே குப்பை வண்டி ஏறிப் போய்விட்டது. அடுத்து வந்த ஆமைக்கும் இந்த முதலைக்கும்தான் அச்யுத் கிரேயானால் பளிச்சென்று நாமம் போட்டிருந்தான்.

"நாமத்துக்குப் பாதம்கூட சரியா வச்சிருக்கான். இந்த வயசுல இப்படி ஒரு பக்தியா! பூர்வஜென்ம வாசனை" என்று பூரித்துப்போனார் யதிராஜன்.

அப்போதுதான் போன் வந்தது. அச்யுத்தோடு படிக்கும் சம்ரீனின் அம்மா, தென்னூர் சாரா பீவி.

"எங்க சம்ரீன் செஞ்ச பல்லிக்கு உங்க மகன் நாமம் போட்டுவிட்டிருக்கான். போன்ல வேணாங்க, நேர்ல வந்து பேசறேன்."

வேதவதி போனை வைத்தாள். வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் இது கிளம்பினால் என்ன ஆகும்? பிறகு அந்த ஸ்கூல் வாசலில் எப்படி முகத்தைக் காட்டுவது? ஹாலுக்கும் வாசலுக்குமாக நடந்தாள். அடுப்பில் வைத்த பாலை மறந்து பொங்கவிட்டாள்.

"பக்தி பக்தின்னு கொண்டாடினேளே, இப்ப நீங்களே பதில் சொல்லுங்கோ!"

யதிராஜன் சட்டையை மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார்.

வாசலில் ஸ்கூட்டி நின்றது. சாரா பீவி மகளின் கையைப் பிடித்தபடி உள்ளே வந்தாள். சம்ரீன் கையில் பச்சைக் காகிதப் பல்லி, அதன் நெற்றியில் அட்சரசுத்தமாக நாமம்.

"மன்னிச்சுக்கோங்கோ, கொழந்தை ஏதோ தெரியாம..." என்று முந்திக்கொண்டாள் வேதவதி.

"நான் சண்டைக்கு வரலங்க. சின்னப் புள்ளைங்க மனசுல யாரு என்ன ஏத்திவிட்டாங்கன்னு தெரியணும். நாளைக்கு இவ அத்தா கேட்டா நான் என்ன சொல்றது, சொல்லுங்க?"

வேதவதி அச்யுத்தின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏண்டா போட்டே? அவா ஆத்துல இதெல்லாம் கிடையாதுன்னு தெரியாதா உனக்கு? யார் சொல்லிக்கொடுத்தா?"

அச்யுத் உதட்டைப் பிதுக்கினான். அழுகை வந்துவிட்டது. அதற்குள் சம்ரீன் குறுக்கே வந்து நின்றாள்.

"அவனத் திட்டாதீங்க ஆன்ட்டி. நான்தான் போட்டுக் குடுன்னு கேட்டேன்."

"நீயா?" சாரா பீவிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "எதுக்குடி கேட்ட?"

சம்ரீன் பல்லியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"நாமம் போட்டா அம்மா குப்பையில போட மாட்டாங்கன்னு அச்யுத்துதான் சொன்னான்."