ஆறு பட்டை நீலக் குப்பி

பழைய கண்ணாடிக் குப்பி எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும், அது அந்தக் காலத்தில் எதற்காகப் பிறந்தது என்று சொல்லிவிடுவார் சீசாக்காரர். கண் மருந்துக்கா, மைக்கா, அத்தருக்கா, மயக்கம் தெளிவிக்கும் உப்புக்கா என்று கையில் வாங்கி ஒரு உருட்டு உருட்டியதும் தெரிந்துவிடும். ஆனால் எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்த வேண்டுமென்றால் மட்டும், குப்பி ஒரு வாரம் அவர் கடைத் தொட்டித் தண்ணீரில் ஊற வேண்டும்; பூசி ஏற்றிய பழசாக இருந்தால் அதற்குள் கரைந்துவிடும். பெற்ற அப்பனே கொண்டுவந்தாலும் அதுதான் சட்டம்.

அன்று காலை கடை திறந்த கையோடு ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. கைக்குட்டையைப் பிரித்து, சுண்டுவிரல் உயர நீலக் குப்பி ஒன்றை மேசைமேல் வைத்தாள்.

"ஐயா, இதுல அந்தக் காலத்துல என்ன ஊத்தி வச்சாங்கன்னு சொல்லணும்."

"விக்கவாம்மா?"

"விக்கிறதாவது. வீட்டுல வச்சிருக்கவே பயமா இருக்கு. எங்க வீட்டுக்காரர் பெட்டிக்குள்ள, பழந்துணியில சுத்தி வச்சிருந்தார்."

சீசாக்காரர் பூதக்கண்ணாடியை எடுத்தார். அவள் குரல் இறங்கியது.

"அவரோட பெரியம்மா எங்க கூடத்தான் இருக்காங்க. வீடு அவங்க பேர்ல. நாலு நாளா வாந்தி, எந்திரிக்க முடியல. பாலை இவர்தான் கலக்கிக் குடுக்கறார். என்னைக் கிட்டயே விடறதில்ல."

"போலீசுல சொன்னியா?"

"போனேன். இன்ஸ்பெக்டர் சிரிக்கிறார். 'இது மை புட்டிம்மா, புருஷன் பொண்டாட்டி சண்டைய வீட்டோட வச்சுக்க'ன்னு அனுப்பிட்டார்."

"மை புட்டியாம், அவர் மூஞ்சி." சீசாக்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "மை புட்டின்னா அடி அகலமா இருக்கும், பேனா இடிச்சாலும் சாயாது. அத்தர் குப்பிக்கு மூடியும் கண்ணாடியிலயே இருக்கும். இதைத் தடவிப் பாரு. ஆறு பட்டை, பட்டைக்குப் பட்டை வரிவரியா மேடு. எதுக்குத் தெரியுமா? இருட்டுல மருந்துன்னு நெனச்சு எடுத்தாலும் விரல் சொல்லிடும், வேண்டாம் வச்சுடுன்னு."

அவள் தடவிப் பார்த்துவிட்டு, சுட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டாள்.

"அப்ப இது..."

"விஷக் குப்பிதாம்மா. சந்தேகமே இல்ல."

"பழசுதானா? இப்ப வாங்கினதா இருந்தா, எந்தக் கடைன்னாவது விசாரிக்கலாமேன்னு..."

"நூத்தி இருபது வருஷமாவது இருக்கும். அச்சு ரெண்டும் சேர்ற கோடு வாய்க்குக் கீழயே நின்னுடுச்சு பாரு. வாயைக் கையால சுருட்டி விட்டிருக்கான். மிஷின்ல செஞ்சதுன்னா கோடு உதடு வரைக்கும் ஏறும்."

அவள் முகத்தைக் கைக்குட்டையில் புதைத்துக்கொண்டாள். தோள் இரண்டும் குலுங்கின. பாவம் என்று அவர் ஒரு தம்ளர் தண்ணீரை நகர்த்தி வைத்தார்.

"இதையே ஒரு காகிதத்துல எழுதிக் குடுங்கய்யா. உங்க முத்திரையப் பாத்தா நம்புவாங்க."

"குப்பியை வச்சுட்டுப் போம்மா. ஒரு வாரம் ஊறட்டும், அப்புறம் எழுதி..."

"ஒரு வாரம் பெரியம்மா தாங்குவாங்களா?"

சீசாக்காரர் தொட்டியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். முப்பது வருஷமாக யாருக்கும் மீறாத சட்டம். அதற்காக ஒரு உயிரைப் பலி கொடுக்க முடியுமா? பேனாவைத் திறந்தார். 'இது நூற்றிருபது ஆண்டுப் பழைமையுள்ள, விஷம் வைப்பதற்கென்றே செய்யப்பட்ட அசல் குப்பி' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, மேசை அதிர முத்திரையைக் குத்தினார்.

அவள் பர்ஸைத் திறந்தபோது கையை வீசி மறுத்துவிட்டார்.

"காசெல்லாம் வேண்டாம். மொதல்ல ஓடு. அடுத்த வேளைப் பாலை அவங்க வாயில வைக்கறதுக்குள்ள போ."

"உங்களுக்குக் கோடிப் புண்ணியம்யா. இவர் உள்ள போயிட்டா என் கதி என்னன்னுதான் தூக்கமே இல்லாம கிடந்தேன்."

இப்படிப்பட்ட புருஷனுக்காகவும் ஒருத்தி கவலைப்படுகிறாளே என்று நினைத்துக்கொண்டார். அவள் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் ஓட்டமும் நடையுமாகப் போனாள். போலீஸ் நிலையம் வந்தது. அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் அதைத் தாண்டி, அடுத்த சந்தில் நுழைந்து, வீட்டுப் பின்கட்டுக்குப் போய்க் காகிதத்தை நீட்டினாள். கணவன் வாங்கி இரண்டு முறை படித்தான். பிறகு சத்தமாக ஒரு முறை படித்தான்.

"போய் நூறு நகல் எடுத்துட்டு வாடா," என்றாள் சாகக் கிடந்த பெரியம்மா, கண்ணாடி உருக்கும் உலையிலிருந்து நூற்றிருபது வருஷப் பழசான அடுத்த குப்பியை இடுக்கியால் வெளியே எடுத்தபடி.