பச்சைக்குப் பதில்

விளக்கு பச்சையாகி வெகுநேரம் ஆகிவிட்டது. கார் நகரவில்லை.

பின்னால் ஹாரன்கள் ஒன்றுசேர்ந்து அவருடைய பரம்பரையையே விசாரித்துக்கொண்டிருந்தன.

ஸ்டியரிங்கை அவர் பிடித்திருந்த பிடியைப் பார்த்தால் ஓட்டுகிறவர் மாதிரி இல்லை. கூட்டமான பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவர் மாதிரி இருந்தது. ஐம்பத்தாறு வயதில் உனக்கு இது தேவையா என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

தேவைதான். காரணம் பின்னிருக்கையில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

மகளுக்கு நிறைமாதம். மாப்பிள்ளை கப்பலில். மாமியார் வீட்டிலோ காரும் டிரைவரும் தயார் என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். "இந்த சிக்னலைத் தாண்டி ஆஸ்பத்திரி வாசல்ல நிறுத்திக் காட்டுங்கப்பா. இல்லேன்னா நான் அங்கயே போயிடறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் இன்று பயிற்சிக் காரில் ஏறியிருந்தாள்.

அவள் போய்விட்டால் அவ்வளவுதான். மனைவி போன பிறகு அந்த வீட்டில் அவரோடு பேசுகிற ஒரே ஜீவன் குக்கர்.

இத்தனை நாள் பயிற்சியில் அவர் அடிக்காத கூத்தில்லை. தெருமுனை வருவதற்கு வெகு முன்பே ஹாரனை நீளமாக அழுத்துவார். பக்கத்தில் இருக்கும் மாஸ்டர் காதைப் பொத்திக்கொள்வார். நிறுத்த வேண்டிய இடத்துக்கு அரைத்தெரு முன்னாலேயே பிரேக் பிடிக்கத் தொடங்குவார். சைக்கிள்காரர்கள் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்ப்பார்கள்.

எதிரே நாய் படுத்திருந்தால், நாய் எழுந்து போகும் என்று நம்புவார். நாம் விலகிப் போகலாம் என்ற யோசனையே வராது.

வளைவு வந்தால் இன்னும் மோசம். சாலை வளைந்தால் கார் தானாக வளைந்துகொள்ளும் என்று அவருக்கு ஏதோ ஒரு நம்பிக்கை. ஒருமுறை காய்கறிக் கடைக்குள் நேராகப் போகப் பார்த்தார்.

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று மாஸ்டர் முதல் நாள் கேட்டபோது, ஆபீஸ் என்று வாய் கூசாமல் புளுகிவிட்டார். உண்மையைச் சொன்னால் ஊர் சிரித்துவிடும்.

"பச்சை" என்றார் இப்போது, சற்று உரக்க. சொல்லிவிட்டுக் காத்திருந்தார்.

"கண்ணு தெரியுதுல்ல சார்? போங்களேன்!" என்றார் மாஸ்டர்.

கண்ணுக்குத் தெரிந்தது. காலுக்குத்தான் தெரியவில்லை. மேலிடத்து உத்தரவு வரட்டும் என்பதுபோல அது கிளட்சை விட மறுத்தது.

விளக்கு சிவப்பானது. பின்னால் இருந்தவர்கள் வாயில் வந்ததையெல்லாம் சொன்னார்கள். மாஸ்டர் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

மகள் கைப்பையைத் திறந்து போனை எடுப்பது பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் தெரிந்தது. மாமியாருக்குத்தான். இவ்வளவு பெரிய ஆள் நடுரோட்டில் அழுதால் அதற்கும் ஹாரன் அடிப்பார்களோ என்று பயமாக இருந்தது.

மறுபடி பச்சை விழுந்தது.

"பச்சை" என்றார். மறுபடியும் காத்திருந்தார்.

நம்பரைத் தேடிக்கொண்டிருந்த மகளின் விரல் நின்றது. அப்பாவின் பிடரியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள். சின்ன வயதில் கட்டிலின் மேல் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விளையாடும்போது வருமே, அதே மிடுக்கான குரல் வந்தது.

"பச்சை!"

கார் புறப்பட்டது. குலுங்கவில்லை, அணையவில்லை. நாற்சந்தியின் நடுவே நூல் பிடித்த மாதிரி போய் அந்தப் பக்கம் சேர்ந்தது. ஆஸ்பத்திரி வாசலில் ஒருமுறை நின்று, மீண்டும் கிளம்பியது.

மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். மகள் போனைப் பைக்குள் போட்டு மூடினாள்.

"அப்பா ஆபீஸுக்கெல்லாம் போகல மாஸ்டர். ரயில் ஓட்டுறாரு. அங்க இவரு விளக்கு நிறத்தைச் சொன்னா, பக்கத்துல இருக்கறவர் திருப்பிச் சொல்லணும். அப்பதான் வண்டி நகரும்."

அவருக்குக் காது மடல்வரை சூடேறியது. மாஸ்டருக்கு நாயும் காய்கறிக் கடையும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். சிரிப்பை அடக்கியதில் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த சிக்னல் தொலைவில் தெரிந்தது. அவர் அரைத்தெரு முன்னாலேயே பிரேக்கில் கால் வைத்தார்.

"சிவப்பு" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மாஸ்டர் சட்டையை இழுத்துவிட்டு, சாலையைப் பார்த்து விறைப்பாக உட்கார்ந்தார்.

"சிவப்பு, சார்!"