தட்டின் ஓரம்

சாப்பிட மறுக்கும் பிள்ளைகளைப் பற்றிய ஆராய்ச்சி அது. நோயாளி தன் வீட்டாரோடு உட்கார்ந்து சாப்பிடுவதை ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து டாக்டர் ரெஜினா பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்கும் அண்ணனுக்கும் நடுவில் எலும்பும் தோலுமாகச் சஹானா. அம்மா கேரியரைத் திறந்து புளிசாதம் பரிமாறிவிட்டுச் சுவரோரம் நின்றுகொண்டாள். சஹானா வெகுநேரம் தட்டையே பார்த்தாள். பிறகு சோற்றின் நடுவே விரலால் கோடு கிழித்து, ஒரு பாதியை ஓரமாக ஒதுக்கினாள். மறு பாதியைக் கடைசிப் பருக்கைவரை தின்றாள்.

“மிச்சம் வைக்காதடி, டாக்டர் பாக்கறாங்கல்ல” என்று அப்பா அதட்டினார். அவள் ஒதுக்கியதைக் கையால் மூடிக்கொண்டாள். சோற்றை ஒளிக்கிறாள், நோய் முற்றிவிட்டது என்று முடிவுகட்டிய ரெஜினா, மறுநாளே மூக்கில் குழாய் போடச் சொன்னார். அதற்குப் பிறகு சஹானா யாரோடும் பேசவில்லை. ஒருநாள் வீட்டார் அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

வெகுநாள் கழித்து, அன்று தான் பாதியில் எழுந்துபோன பிறகும் ஓடிக்கொண்டிருந்த கேமராவின் வீடியோவைப் பார்த்தார் ரெஜினா. அப்பாவும் அண்ணனும் கைகழுவ எழுந்து போகிறார்கள். சஹானா தட்டைச் சுவர்ப்பக்கம் மெல்ல நகர்த்துகிறாள்.

“உனக்குத்தாம்மா.”

“எனக்கென்னடி இப்ப, நீ சாப்பிடு.”

ரெஜினா வீடியோவை ஆரம்பத்துக்குத் தள்ளினார். ஆளில்லாத அறை, வெறும் மேசை. வெள்ளைக் கோட்டு போட்ட அவருடைய கையே உள்ளே வந்து மூன்று தட்டுகளை வைக்கிறது. சரிபார்ப்பதுபோல ஒரு கணம் நிற்கிறது. பிறகு திருப்தியோடு விலகிப்போகிறது.