சர்டிபிகேட் இல்லாத பொண்ணு

"பன்னிரண்டு ஆன்லைன் கோர்ஸ். அதுல ஒண்ணாவது முடிச்சியா நீ?"

மேனேஜர் மேசையைத் தட்டினார். எதிரே நின்றவள் அந்த பம்ப் கம்பெனிக்கு வந்து ஒரு வருஷமான இன்ஜினியர். இன்னமும் ஆபீஸ் முழுக்க அவளுக்குப் பேர் 'புதுசு'தான்.

"இல்ல சார்."

"எல்லாரும் முடிச்சாச்சு. உன் பேருக்கு நேரே மட்டும் முட்டை! இன்ஜினியர்னா கடைசி வரைக்கும் படிச்சுக்கிட்டே இருக்கணும், இல்லேன்னா தாக்குப்பிடிக்க முடியாதுன்னு தலைப்பாடா அடிச்சுக்கறேன். இன்னிக்கு உன் வேலையை நிரந்தரமாக்கற தாள்ல நான் கையெழுத்துப் போடணும். எந்த முகத்தை வெச்சுக்கிட்டுப் போடறது?"

புதுசுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த வேலையை நம்பித்தான் போன மாதம் அம்மாவை வேலையை விடச் சொல்லியிருந்தாள்.

மேனேஜரா இரங்குகிற ஆள்? கோர்ஸ் பரீட்சையின் விடைத்தாளை மடியில் மறைத்து வைத்துக்கொண்டு, குஷியாகக் கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"பம்புக்குள்ள ஜல்லி உருளற மாதிரி சத்தம். ஏன்?"

"உறிஞ்சற பக்கம் அழுத்தம் குறையுது சார். தண்ணியில குமிழி கட்டி உடையுது. முதல்ல வடிகட்டி அடைச்சிருக்கான்னு பார்க்கணும்."

மேனேஜர் மடியைப் பார்த்தார். அட, சரி! அடுத்த கேள்வி, அதற்கடுத்தது... பத்துக்குப் பத்து.

"கோர்ஸ் பக்கமே போகாம எப்படித் தெரியும்?"

"போனேன் சார், மத்தவங்க பேர்ல. 'சும்மாதானே இருக்கே, இதையும் முடிச்சுடு'ன்னு பாஸ்வேர்டைக் குடுத்துடுவாங்க. என்னோடதுக்கு நேரமே கிடைக்கல."

"அடப்பாவிங்களா! படிக்காமலே சர்டிபிகேட்டா?" மேனேஜருக்கு மூக்குக்கு மேல் கோபம். பேனாவைத் திறந்தார். "யார் யாருன்னு சொல்லு. ஒருத்தரையும் விடப் போறதில்லை!"

"டிசைன்ல இருக்கற அண்ணன், ஸ்டோர்ஸ் அக்கா, டெஸ்டிங்ல ரெண்டு பேரு..."

"ம், அப்புறம்?"

புதுசு தரையைப் பார்த்தாள்.

"பயப்படாம சொல்லும்மா. அவன் எந்தக் கொம்பனா இருந்தாலும் சரி!"

"நீங்க உங்க பாஸ்வேர்டை அசிஸ்டென்ட்கிட்ட குடுத்தீங்களே சார்... அவரு என் தலையில கட்டிட்டாரு."

பேனா நின்றது.

மேனேஜர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். எழுதியதைச் சுக்குநூறாகக் கிழித்துக் கூடையில் போட்டார். நிரந்தரத் தாளை இழுத்து, மளமளவென்று கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

"இனிமேலாவது உன் பேர்ல படிம்மா."

"கண்டிப்பா சார். அடுத்த வருஷத்துக் கோர்ஸ் நேத்தே வந்தாச்சு. உங்களோடதுல பாதி தாண்டிட்டேன், அது முடிஞ்ச கையோட என்னோடதுதான்!"